ஆடித் தள்ளுபடியில் சீர் வாங்கி பீரோவில் பூட்டிய கதை

விசேஷத்துக்கு முன்னாலேயே, தள்ளுபடி நேரமாகப் பார்த்துப் பொருள் எடுத்து வைத்துவிட்டால் காசு மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பொய் இல்லை. ஆனால் எடுத்து வைத்த பொருள் பீரோவுக்குள் சும்மா இருப்பதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. வாரண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மாற்றித் தருகிறோம் என்று கடையில் சொன்ன நாள் கழிந்துகொண்டே இருக்கும். குழந்தைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள். முகூர்த்தமே கூடத் தள்ளிப் போகும். போன வருஷம் இத்தனையும் எனக்கு ஒன்றன் பின் ஒன்றாக நடந்தது. கணக்குப் போட்டால் 17,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போயிருக்கிறது. அலைந்ததும், வேலைக்குப் போகாமல் விட்ட சம்பளமும் அதில் சேராது. முன்னமே ஒருத்தர் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். இந்த ஆடிக்குக் கடைக்குக் கிளம்புகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் லாரியில் வடக்கு லைன் ஓடுகிறார். லோடு கிடைப்பதைப் பொறுத்துத்தான் ஊர் திரும்புவார். நான் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். போன வருஷம் ஆடிக்கு முன்பே விசேஷச் செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன. நாத்தனார் மகளுக்குத் தெரட்டி சீர், அதாவது வயசுக்கு வந்த பிள்ளைக்குச் செய்கிற சடங்கு. தாய்மாமன் சீர் எங்கள் தலையில். என் சித்தப்பா பையனுக்கு ஆவணியில் கல்யாணம். அக்கா பேரன் பேத்திகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. கூட வேலை பார்க்கிற பிள்ளை ஒருத்தி புது வீடு கட்டிப் பால் காய்ச்சப் போகிறாள். எங்கள் பக்கம் சீர் செய்வது என்ன மாதிரி விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தட்டு எண்ணுவார்கள், மாமன் வீட்டுச் சீலையைத் தொட்டுப் பார்ப்பார்கள், பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். வீட்டுக்காரர் போனில், "நீயே பார்த்து எடுத்துரு, என்னால அப்ப வர முடியுமோ முடியாதோ" என்று சொல்லிவிட்டு 45,000 போட்டுவிட்டார். அத்தைக்கு முழங்கால் வலி, கடை கடையாக ஏற முடியாது. ஆக நான் மட்டும்தான்.

ஆடியில் ஏன் தள்ளுபடி போடுகிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் ஜவுளிக்கடையில் ஈ ஓட்ட வேண்டிய மாசம் அது. ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு இறக்க இடமும் வேண்டும், ரொக்கமும் வேண்டும். அதற்காகத் தேங்கிப்போனதைத் தள்ளிவிடுகிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, வியாபாரம்தான். ஆனால் தேங்கின சரக்கு மட்டும்தான் அங்கே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தள்ளுபடிக்கென்றே லேசான துணியில் இறக்கிய சரக்கும் அதோடு கலந்து கிடக்கும். ரேக்கில் மற்ற நாளில் அப்படி ஒரு துணியைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். பனியன், சட்டை, நைட்டி எல்லாம் எனக்குத் தொட்டால் தெரியும். ஊசி எங்கே விட்டிருக்கிறது, ஓவர்லாக் எத்தனை இழை என்பது வரை சொல்லிவிடுவேன். பட்டு அப்படி இல்லை. எனக்குப் பட்டு தெரியாது, கூடவும் ஆள் இல்லை.

ஈரோட்டில் மணிக்கூண்டைச் சுற்றி ஆடி ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய கடை. மாடிப்படியில் இருந்தே கூட்டம். பட்டுப் பிரிவில் ஒரு தம்பி ஒரே கையால் சீலையை உதறி முந்தியை மட்டும் காட்டி, மடித்து, அடுத்ததை எடுக்கிறான். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. ஸ்டிக்கரில் 18,500, நாற்பது சதவீதம் போக 11,100. முழுசாகப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "ஏனுங்கக்கா, பின்னாடி பாருங்க எத்தன பேரு நிக்கறாங்கன்னு. உள்ளயும் இதே டிசைன்தானுங்" என்றான். பில் போடும் இடத்தில் வரிசை இன்னும் மோசம். வீட்டுக்கு வந்து அத்தையிடம் காட்டினேன், அவரும் முந்தியைத் தடவிப் பார்த்து நல்லாருக்கு கண்ணு என்றார். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரோடு பீரோவில் வைத்தாயிற்று.

தெரட்டி ஆவணியில் என்றுதான் பேச்சு. மண்டபம் கிடைக்காமல் ஐப்பசிக்குப் போய்விட்டது. சீருக்கு முதல் நாள் ராத்திரி தட்டு அடுக்கும்போது, சீலையைத் தட்டில் விசிறி மாதிரி வைக்கலாம் என்று கவரை எடுத்துப் பிரித்தேன். நடுவில் ஒரு மடிப்பு. பல்பு வெளிச்சம் அந்த மடிப்பு நெடுகப் பொடிப் பொடியாகத் தெரிந்தது. என்ன என்று கட்டை விரலால் தொட்டேன், சத்தமே இல்லாமல் விட்டுக்கொண்டது. பட்டு இத்துப் போயிருக்கிறது. ஒரே மடிப்பில் ரொம்ப நாள் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே நைந்துவிடும், ஜரிகை கனமாக ஓடுகிற இடத்தில் இன்னும் சீக்கிரம் விடும் என்பதெல்லாம் பிறகு ஒரு நெசவாளர் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், விடிந்தால் சீர், கையில் கிழிந்த சீலை, வீட்டுக்காரர் நாக்பூர் தாண்டி எங்கேயோ. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அத்தை வெளியே நின்று, "அழுது என்ன கண்ணு ஆகப் போகுது, கோபியில அவங்களுக்குப் போன் போடு" என்று தெரிந்த கடைக்காரர் ஒருவர் பெயரைச் சொன்னார். அந்த மனுசன் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஷட்டரைத் தூக்கிக் கொடுத்தார். பேரம் பேச வாய் வருமா? 13,800-க்கு இருந்ததில் ஒன்றை எடுத்து வந்தேன். சீர் நன்றாகவே நடந்தது. நாத்தனாருக்கு இன்று வரை தெரியாது. சொன்னால் வேறு மாதிரி அர்த்தமாகிவிடும் என்று சொல்லவில்லை.

கிழிந்த சீலையோடு கடைக்குப் போனேன். பில்லின் பின்பக்கம், எறும்பு எழுத்தில், தள்ளுபடிப் பொருள் மாற்றித் தரப்பட மாட்டாது என்று இருந்தது. அதை விடப் பெரிய அடி, மேனேஜர் கேட்ட கேள்வி. "ஆடியில எடுத்தீங்க, இப்ப ஐப்பசி. இத்தன நாளு உங்க ஊட்டு பீரோவுலதானுங்க இருந்துச்சு. கடையில இத்துச்சா, ஊட்டுல இத்துச்சான்னு எப்படிங்க சொல்றது?" எனக்குப் பதில் வரவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ பொய் சொல்லிக் காசு கேட்க வந்தவள் மாதிரி ஆகிவிட்டது. வாங்கிய அன்றோ மறுநாளோ வெளிச்சத்தில் முழுசாகப் பிரித்துப் பார்த்து, அந்த வாரமே போயிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முன்கூட்டி வாங்குகிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்: கொடுக்கிற நாளன்று பிரிக்காதீர்கள், வாங்கிய நாளன்று பிரியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்கப்புறம்தான் தேடினேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் ஒரு இடம் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் போட்டிருக்கும் தவணைக்குள் கொண்டுபோக வேண்டும், பில்லில் தவணை எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். பில் கொடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். கவனியுங்கள், குறையுள்ள பொருளுக்குத்தான் இது. கலர் பிடிக்கவில்லை, நாத்தனாருக்கு வேறு வேண்டுமாம் என்று திரும்பக் கொடுக்க எந்தச் சட்டமும் உதவாது, அது கடைக்காரர் மனசு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசலாம். பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கிருந்து கடைக்கு விஷயம் போனது. கடைசியில் கடையிலிருந்து கூப்பிட்டு, பணம் தர மாட்டோம், 5,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள் மனு போடலாம். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு ஒரு நாள் சம்பளம் போகும். வீட்டுக்காரரும் விட்டுரு என்றார். 5,000-க்கு வேட்டியும் துண்டுமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் அந்தக் கடையைத் தாண்டும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

பட்டு எடுப்பவர்களுக்கு அந்த நெசவாளர் சொன்னதைச் சொல்கிறேன். தள்ளுபடியில் பட்டு எடுத்தால் கூட்டம் இல்லாத நாளில், செவ்வாய் புதன் காலையில் போங்கள். சீலையை முழு நீளமும் பிரிக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மடிப்பு விழுந்த ஒவ்வொரு கோட்டையும் பாருங்கள். மடிப்பின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். மாட்டேன் என்கிற கடையில் எடுக்க வேண்டாம். அசல் பட்டா என்று சந்தேகம் வந்தால் முந்திக் குஞ்சத்தில் ஓர் இழை எடுத்துக் கொளுத்துங்கள். பட்டாக இருந்தால் முடி கருகிய வாசம் வந்து, சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான முத்தாக நிற்கும். சில்க் மார்க் அட்டை இருந்தால் நல்லது. மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் 2004-இல் வந்தது அது. ஆனால் அது பட்டு அசல் என்று மட்டும்தான் சொல்லும். ஜரிகை எப்படிப்பட்டது, சீலை எத்தனை வருஷம் ரேக்கில் கிடந்தது என்பதை அது சொல்லாது. என் சீலையும் அசல் பட்டுதான்! அவசரம் இல்லாதவர்கள் தீபாவளி வரை பொறுத்தால் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் வரை தள்ளுபடி வழக்கமாகக் கிடைக்கும். பட்டு நெய்கிற சிறுமுகை பக்கம் ஆள் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது, எப்போது தறியிலிருந்து அறுத்த சீலை என்பதையே கேட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். கவருக்குள் ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். பூச்சி உருண்டை ஜரிகையில் படக் கூடாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்.

அண்டா விஷயம் வேறு மாதிரி. சித்தப்பா பையன் கல்யாணத்துக்கு ஓர் எவர்சில்வர் அண்டாவும் ஒரு மிக்ஸியும் என்று முடிவு. பாத்திரக்கடையில் ஆடி ஆஃபர், பேர் வெட்டல் இலவசம். மணமக்கள் பெயர், எங்கள் பெயர், கல்யாணத் தேதி எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டி வாங்கி வந்தேன். 3,250 ரூபாய். ஆடி முடிவதற்குள் பங்காளி வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். கல்யாணம் தைக்குப் போனது. ஆவணித் தேதி வெட்டிய அண்டாவைத் தை மாசக் கல்யாணத்தில் எப்படிக் கொடுப்பது? துக்கத்தையே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? பட்டறையில் தேதியைத் தேய்க்கச் சொல்லிப் பார்த்தேன், தேதி போன இடம் மங்கலாகத் திட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. தையில் முழு விலைக்கு வேறு அண்டா, 3,600. பழையதில் இப்போது எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறது. பேர் வெட்டுவதாக இருந்தால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வெட்டுங்கள், தேதியை வெட்டவே வேண்டாம். பில்லைக் காட்டி அப்புறம் வந்து வெட்டிக்கொள்கிறேன் என்றால் நிறையக் கடைகளில் ஒத்துக்கொள்வார்கள். வெட்டிய பாத்திரத்தை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. இன்னொன்று, பாத்திரத்துக்குச் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். எடை போடச் சொல்லி, கிலோ என்ன விலைக்கு விழுகிறது என்று வகுத்து, பக்கத்துக் கடையில் தள்ளுபடி இல்லாத விலையோடு ஒப்பிடுங்கள். நான் அப்படிப் பார்த்தபோது ரெண்டுக்கும் கிலோவுக்குப் பத்து இருபது ரூபாய்தான் வித்தியாசம். குக்கர் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், ஆஃபர் மேசையில் இருக்கிறது என்று அதைப் பார்க்காமல் விடக் கூடாது.

மிக்ஸி 4,900 ரூபாய். பெட்டியைப் பிரித்தால் பழசைக் கொடுத்த மாதிரி இருக்குமே என்று யாரும் பரிசுப் பெட்டியைப் பிரிப்பதில்லை. நானும் பிரிக்கவில்லை. தையில் கொடுத்தேன். அவர்கள் சமையலறையில் ஏற்கெனவே ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் பங்குனியில்தான் பிரித்திருக்கிறார்கள். சின்ன ஜார் சுழலவே இல்லை, மோட்டார் உறுமுகிறது. ரெண்டு வருஷ வாரண்டியில் எட்டு மாசம் அப்போதே போய்விட்டது. வாரண்டி என்பது நீங்கள் பரிசு கொடுத்த நாளிலிருந்து இல்லை, பில் தேதியிலிருந்து. அதுவும் போகட்டும், வாரண்டி அட்டையில் கடை முத்திரையே குத்தவில்லை, பில் என்னிடம், மிக்ஸி அவர்களிடம். சர்வீஸ் சென்டரில் ஜாருக்கு வாரண்டி கிடையாது என்று 1,100 வாங்கினார்கள். அந்தப் பணத்தை நான்தான் கொடுத்தேன். புதுசாகக் கல்யாணமான பிள்ளையிடம் என் பரிசுக்குச் செலவு வைப்பதா? பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தயாரித்த மாசமும் வருஷமும் கண்ணில் பட்டது. நான் வாங்குவதற்கு முன்பே ரெண்டு வருஷம் குடோனில் கிடந்திருக்கிறது.

மின்சாரச் சாமான் எதுவாக இருந்தாலும் கடையிலேயே பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டி, திரும்ப டேப் ஒட்டிக் கொடுப்பார்கள், பார்த்தால் தெரியாது. அட்டையில் முத்திரை, தேதி. பில்லின் ஒரு நகலைப் பரிசோடு கவரில் வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை, விலை காட்டுவதாக நினைப்பார்கள். நான் இப்போது விலை இருக்கும் இடத்தை மறைத்து நகல் எடுத்து வைக்கிறேன். ஃபிரிட்ஜ் மாதிரிப் பெரிய சாமானைத் தள்ளுபடியில் சீராக எடுக்கிறவர்கள், கரண்ட் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற நட்சத்திர லேபிளில் எந்த வருஷத்துக்கானது என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குவார்கள். பழைய லேபிளில் ஐந்து நட்சத்திரம் புதுக் கணக்கில் ஐந்தாக இருக்க வேண்டும் என்பதில்லை, அதனால்தான் விலையைக் குறைத்திருப்பார்கள். எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரியும் சேர்ந்ததுதான். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் ஏன் என்று கேளுங்கள். விலை ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழந்தைத் துணி திருப்பூர் காதர்பேட்டையில் எடுத்தேன். எக்ஸ்போர்ட் மிச்சம். இதில் எனக்கு வேலை அனுபவம் உண்டு என்பதால் துணியில் ஏமாறவில்லை. ஆர்டரில் கொஞ்சம் டேமேஜ் போகும் என்று கணக்குப் பண்ணி எப்போதும் சேர்த்தே வெட்டுவோம், அது மிஞ்சும். ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறினால், ஆர்டர் கொடுத்த பையர் ஒதுக்கிவிடுவார். பிரிண்ட் கால் அங்குலம் தள்ளிப் போனாலும் அப்படித்தான். இதெல்லாம் நல்ல துணி, தைரியமாக எடுக்கலாம். அக்குள் தையல், கழுத்து ரிப், பிரிண்ட் மூன்றையும் இழுத்துப் பாருங்கள், போதும். அடி விழுந்தது அளவில். ஆறு குழந்தைகளுக்கு 6,400 ரூபாய்க்கு எடுத்தேன், ஆடியில் அக்காவிடம் போனில் கேட்ட வயசை வைத்து. காதுகுத்து மாசிக்குப் போனது. அதற்குள் நாலு பேருக்குச் சட்டை தொப்புளுக்கு மேல் நிற்கிறது. அதில் நாலாயிரம் ரூபாய்த் துணி இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது.

ஐரோப்பா ஆர்டர் துணியில் 98, 104, 110, 116 என்று போட்டிருப்பது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். வயசைக் கேட்காமல் உயரத்தைக் கேளுங்கள். சுவரில் நிற்க வைத்துக் கோடு போட்டு அளந்து சொல்லச் சொல்லுங்கள். இந்த வயசில் வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் சாதாரணமாக வளர்ந்துவிடும், அது சரியாக ஒரு சைஸ். விசேஷம் ஆறு மாசம் தள்ளி என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்தாலும் கையை மடித்துப் போட்டுவிடலாம். சிறிசாகப் போனால் ஒன்றும் செய்ய முடியாது. பிறக்கப் போகிற குழந்தைக்கு மட்டும் முன்னாடியே துணி எடுத்து வைக்காதீர்கள், சைஸும் தெரியாது, பிறக்கிற மாசம் வெயிலா குளிரா என்பதும் சேர்ந்து மாறும். எலாஸ்டிக் வைத்த கால்சட்டையை ஒரு வருஷம் மடித்தே வைத்தால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாமே நஷ்டம் இல்லை. பால் காய்ச்சின பிள்ளைக்குச் சென்னிமலையில் ஒரு ஜோடி பெட்ஷீட்டும், ஒரு பவானி ஜமுக்காளமும் வாங்கியிருந்தேன். அவள் வீட்டு வேலை முடியாமல் மூன்று மாசம் இழுத்தது, ஜமுக்காளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவு கிடையாது, வாரண்டி கிடையாது, ஆம்பளை பொம்பளை கிடையாது, யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு 2005-06-லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் பேரைச் சொல்லி விசைத்தறியில் நெய்ததையும் விற்கிறார்கள், அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவது உத்தமம். பெட்ஷீட் எடுத்தால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அடர் கலர் மேல் ஒரு தேய்ப்புத் தேயுங்கள். கைக்குட்டையில் கலர் ஏறினால் வைத்துவிட்டு வாருங்கள். ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளி வாரச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிறது. துண்டு, லுங்கி, தலையணை உறை மாதிரி மொத்தமாக எடுத்து வைக்கிற சாமானுக்கு ஆடித் தள்ளுபடியை விட அங்கேதான் விலை எனக்குக் கட்டுபடியாகிறது. திடீரென்று பத்திரிகை வைக்கிற ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டு விசேஷத்துக்கு அதிலிருந்து எடுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மொய் நோட்டின் பின்பக்கத்தில் எடுத்து வைத்த பொருளை எல்லாம் எழுதுகிறேன். யாருக்கு, எந்தக் கடை, என்ன விலை, மாற்றக் கடைசி நாள் எது. பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அந்தப் பளபளப்புத் தாள் பில் நாலு மாசத்தில் எழுத்தே இல்லாமல் வெளுத்துவிடும், என் பாத்திரக்கடை பில் அப்படித்தான் போனது. கடைக்குப் போகும்போது பட்டியலில் இருப்பதற்கு மட்டும் பணத்தைத் தனியாகக் கவரில் போட்டுக்கொண்டு போகிறேன். 5,000-க்கு எடுத்தால் 500-க்குக் கூப்பன் என்றால், அந்தக் கூப்பன் எத்தனை நாளில் காலாவதி, எதற்குச் செல்லாது என்று பில் போடுவதற்கு முன்பே கேட்கிறேன். பெரும்பாலும் அது இன்னொரு தடவை அங்கே வரவைக்கத்தான். ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்றால் விலையை இரண்டாக வகுத்து, அந்த விலைக்கு ஒன்று மட்டும் கேட்டால் எடுப்பேனா என்று பார்க்கிறேன்.

வீட்டுக்காரர் இனிமேல் எல்லாத்துக்கும் மொய் வைத்துவிடலாம் என்கிறார். மற்றதுக்குச் சரி, தாய்மாமன் சீருக்கு அது ஆகாது. அதனால் இந்த ஆடிக்கும் போகத்தான் போகிறேன். வேட்டி, துண்டு, பெட்ஷீட், தாம்பாளம், பேர் வெட்டாத பாத்திரம் இவ்வளவுதான் முன்கூட்டி. பட்டு, மிக்ஸி, குழந்தைத் துணி மூன்றும் பத்திரிகை கைக்கு வந்த பிறகு. நாத்தனாரின் சின்ன மகளுக்கும் இன்னும் ரெண்டு மூணு வருஷத்தில் சீர் வரும், அந்தச் சீலையைச் சிறுமுகையில் சொல்லி வைத்து நெய்து வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 104, 110 சைஸில் ஐந்தாறு டி-சர்ட் பிரிக்காமல் இருக்கிறது, நல்ல துணி. கோபி பக்கம் யாருக்காவது அந்த உயரத்தில் பிள்ளை இருந்தால் சொல்லுங்கள்.